பில் வரிசைகளிலிருந்து வாடிக்கையாளர் அட்டவணை: பாண்டாஸில் வருவிக்கப்பட்ட மாறிகளை உருவாக்கும் முறை

ஒரு கடையின் பரிவர்த்தனைத் தரவில் ஒவ்வொரு வரிசையும் ஒரு பில்லில் இடம்பெற்ற ஒரு பொருளைக் குறிக்கிறது. நாம் கேட்கும் கேள்விகளோ பெரும்பாலும் வாடிக்கையாளரைப் பற்றியவை. யார் அடிக்கடி வாங்குகிறார், யார் வாங்குவதை நிறுத்திவிட்டார், யாருக்குச் சலுகை அனுப்பினால் பயன் இருக்கும் என்பதற்கான விடை எந்த நெடுவரிசையிலும் நேராக எழுதப்பட்டிருக்காது. இருக்கும் நெடுவரிசைகளைக் கூட்டியும் எண்ணியும் கழித்தும் வகுத்தும் நாமே உண்டாக்கிக்கொள்ளும் புதிய நெடுவரிசைகள்தான் வருவிக்கப்பட்ட மாறிகள். அவற்றை உருவாக்கும் கட்டளைகள் எளியவை. ஒவ்வொரு மாறியும் என்ன பொருள் தருகிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதில்தான் உழைப்பின் பெரும்பகுதி செல்ல வேண்டும்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது, யூசிஐ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இர்வைன்) இயந்திரக் கற்றல் தரவுக் களஞ்சியத்தில் எவரும் இலவசமாகப் பெறக்கூடிய ‘ஆன்லைன் ரீட்டெய்ல்’ தொகுப்பு. பிரிட்டனில் கடை வைக்காமல் இணையம் வழியே பரிசுப் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரையிலான விற்பனைப் பதிவு அது. அதில் 5,41,909 வரிசைகள் உள்ளன. பில் எண், பொருள் குறியீடு, பொருளின் பெயர், எண்ணிக்கை, பில் நேரம், ஒன்றின் விலை, வாடிக்கையாளர் எண், நாடு என எட்டு நெடுவரிசைகள். விலைகள் பவுண்டில் உள்ளன. மென்பொருளாகப் பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தைக் கொள்கிறேன். ஆர் மொழியின் டீப்ளையர் தொகுப்பில் ‘குரூப் பை’, ‘சம்மரைஸ்’ ஆகியவையும், எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் ‘டேட்டா’ மெனுவின் ‘அக்ரிகேட்’, ‘டிரான்ஸ்ஃபார்ம்’ மெனுவின் ‘கம்ப்யூட் வேரியபிள்’ ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. எக்செல்லின் பிவட் டேபிளிலும் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். ஆனால் தனித்தனி பில்களை எண்ணும் வசதி அங்கே வேண்டுமென்றால், பிவட் டேபிளை உருவாக்கும்போதே தரவை ‘டேட்டா மாடல்’ பகுதியில் சேர்த்திருக்க வேண்டும்.

முதலில் வாக்கியம், பிறகு கட்டளை

எந்த மாறியைக் கணக்கிடும் முன்பும் அதை ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். யாருக்காக, எந்த நாள் முடிய, எத்தனை நாள் காலத்தில், எதை அளக்கிறோம் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். ‘வாங்கிய தடவை’ என்பது ஒரு மாறியின் பெயர் மட்டுமே. ‘2011 ஆகஸ்ட் 31 முடிய, அதற்கு முந்தைய 180 நாட்களில், இந்த வாடிக்கையாளர் ஏதேனும் பொருள் வாங்கிய தனித்தனி நாட்களின் எண்ணிக்கை’ என்று எழுதும்போதுதான் அதற்கு வரையறை கிடைக்கிறது. ஒரே நாளில் இரண்டு பில் போட்டவரை ஒரு தடவையாகக் கொள்வதா, இரண்டு தடவையாகக் கொள்வதா என்ற கேள்வியும் வாக்கியத்தை எழுதும்போதுதான் எழும். அந்தக் கேள்வியைக் கட்டளை எழுதும் நேரத்துக்குத் தள்ளிப்போட்டால், மென்பொருளின் இயல்பு அமைப்பு நமக்காக ஒரு விடையைத் தேர்ந்துவிடும். அது நமக்குத் தெரியவும் தெரியாது.

அந்த வாக்கியத்தில் வரும் ‘முடிய’ என்ற நாளைக் கணக்கு நாள் என்று அழைப்போம். இனி வரும் எல்லாக் கணக்குகளும் அந்த ஒரு நாளைச் சார்ந்தே நிற்கும்.

தரவைத் திறக்கும்போது கவனிக்க வேண்டியவை

இந்தத் தொகுப்பின் எக்செல் கோப்பில் தேதிகள் சரியான தேதி வகையில் உள்ளன. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் சிஎஸ்வி வடிவத்திலோ மாதம் முதலிலும் நாள் அடுத்தும் எழுதப்பட்டுள்ளன. அதில் 12/1/2010 என்று இருப்பது டிசம்பர் 1. நம் வழக்கப்படி படித்தால் அது ஜனவரி 12 ஆகிவிடும். தேதியின் வடிவத்தை நாமே குறிப்பிட்டு மாற்றுவது நல்லது. மாற்றியபின் மிகச் சிறிய தேதியும் மிகப் பெரிய தேதியும் என்ன என்று பார்த்தால், 2010 டிசம்பர் 1-க்கும் 2011 டிசம்பர் 9-க்கும் வெளியே எதுவும் இருக்கக் கூடாது.

வாடிக்கையாளர் எண்ணில் வெற்றிடங்கள் இருப்பதால் பாண்டாஸ் அதைத் தசம எண்ணாகப் படிக்கும். எண்களின் பின்னால் ஒரு ‘.0’ ஒட்டிக்கொள்ள, பிறகு வேறொரு அட்டவணையோடு இணைக்கும்போது எதுவும் பொருந்தாமல் போகலாம். வாடிக்கையாளர் எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்பதால், படிக்கும்போதே உரை வகையாகப் படிக்கச் சொல்வது நல்லது.

அந்த வெற்றிடங்கள் சிறிய தொகையல்ல. 1,35,080 வரிசைகளில், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில், வாடிக்கையாளர் எண் இல்லை. ஒரே வாடிக்கையாளரின் வரிசைகளைக் குழுவாக்கும் பாண்டாஸின் ‘குரூப்பை’ கட்டளை வெற்று எண்ணுள்ள வரிசைகளை எந்த எச்சரிக்கையும் தராமல் விட்டுவிடும். வாடிக்கையாளர் நிலை மாறிகளுக்கு அவற்றை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் விட்ட விற்பனை எவ்வளவு என்று கூட்டி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் மொத்த விற்பனையோடு உங்கள் அட்டவணையின் கூட்டுத்தொகை பொருந்தவில்லையே என்று எவரேனும் கேட்டால், விடை அங்கேதான் இருக்கும்.

ரத்து பில்கள்

இந்தத் தொகுப்பில் ரத்து செய்யப்பட்ட பில்லின் எண் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதில் பொருள் எண்ணிக்கை எதிர்க்குறியோடு இருக்கும். இப்படிப்பட்ட வரிசைகள் 9,288. எதிர்க்குறி எண்ணிக்கை கொண்ட வரிசைகளோ 10,624. இரண்டுக்கும் இடையே உள்ள 1,336 வரிசைகளில் விலை பூஜ்யம், வாடிக்கையாளர் எண்ணும் இல்லை. உடைந்த, காணாமற்போன சரக்கைக் கணக்கில் கழித்த பதிவுகள் அவற்றில் அடங்கும். ஆகவே எதிர்க்குறி இருந்தாலே வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தார் என்று கொள்ளக் கூடாது.

ரத்து வரிசைகளை முதல் வேலையாக நீக்கிவிடும்படி பல பயிற்சிக் குறிப்புகள் சொல்கின்றன. அதனால் என்ன நேர்கிறது என்பதை ஒரு வாடிக்கையாளரிடம் நெருங்கிப் பார்க்கலாம். தரவின் கடைசி நாளான 2011 டிசம்பர் 9 அன்று காலை 9.15 மணிக்கு ஒருவர் காகிதக் கைவினைப் பறவை 80,995 எண்ணிக்கை, ஒன்று 2.08 பவுண்டு வீதம் வாங்கியதாகப் பில் விழுகிறது, தொகை 1,68,469.60 பவுண்டு. 9.27 மணிக்கு அது முழுவதும் ரத்தாகிறது. அந்த ஆண்டில் அவர் உண்மையில் வாங்கியது இரண்டே சிறு பொருட்கள், 1.65 பவுண்டுக்கு ஒன்றும் 1.25 பவுண்டுக்கு ஒன்றும், ஆக மொத்தம் 2.90 பவுண்டு. ரத்து வரிசைகளை நீக்கிவிட்டுக் கூட்டினால் அவர் 1,68,472.50 பவுண்டு செலவிட்டவராகி, நிறுவனத்தின் தலைசிறந்த வாடிக்கையாளர்களின் வரிசையில் போய் நிற்பார்.

எனவே ரத்து வரிசைகளை நீக்காமல், ஒவ்வொரு வரிசைக்கும் ‘இது ரத்தா’ என்ற ஆம்–இல்லை மாறி ஒன்றை முதலில் உருவாக்குங்கள். எண்ணிக்கையை விலையால் பெருக்கி வரிசைத் தொகை என்ற மாறியை உருவாக்கினால் ரத்து தானாகவே கழியும். பிறகு வாடிக்கையாளர் நிலையில் மூன்று தொகைகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்: வாங்கிய தொகை, திருப்பிய தொகை, நிகரத் தொகை. திருப்பிய தொகையை வாங்கிய தொகையால் வகுத்தால் கிடைக்கும் திருப்பும் விகிதம் தன்னளவிலேயே பயனுள்ள மாறி. ரத்து பில்லில் மூல பில்லின் எண் இல்லாததால் இரண்டையும் உறுதியாக இணைக்க முடியாது என்பதையும், 2010 டிசம்பருக்கு முன் வாங்கியதைத் திருப்பியவர்களுக்கு நிகரத் தொகை எதிர்க்குறியில் வரக்கூடும் என்பதையும் மாறியின் விளக்கத்தில் எழுதி வையுங்கள்.

அஞ்சல் கட்டணம், வங்கிக் கட்டணம், தள்ளுபடி, கையால் சேர்த்த திருத்தம் ஆகியவையும் பொருள்களைப் போலவே தனிக் குறியீட்டோடு வரிசைகளாக உள்ளன. செலவைக் கூட்டும்போது அவற்றைச் சேர்ப்பதா என்பது உங்கள் வரையறையைப் பொறுத்தது. எத்தனை வகைப் பொருள் வாங்கினார் என்று எண்ணும்போது மட்டும் கட்டாயம் விலக்க வேண்டும்.

வரிசையிலிருந்து பில்லுக்கு, பில்லிலிருந்து வாடிக்கையாளருக்கு

வரிசைகளிலிருந்து நேராக வாடிக்கையாளர் நிலைக்குத் தாவாமல், நடுவில் பில் நிலை அட்டவணை ஒன்றை உருவாக்கும்படி பரிந்துரைக்கிறேன். வாடிக்கையாளர் எண், பில் எண் இரண்டையும் கொண்டு குழுவாக்கி, பில் தேதி, பில் தொகை, அதில் உள்ள பொருள் வகைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். இந்தப் படி இல்லாமல் சராசரி எடுத்தால் கிடைப்பது ஒரு வரிசையின் சராசரித் தொகை. ‘சராசரி பில் தொகை’ என்ற பெயரில் அந்த எண் அறிக்கைகளில் ஏறிவிடுவது உண்டு. அதேபோல வாடிக்கையாளரின் வரிசைகளை ‘கவுன்ட்’ கொண்டு எண்ணினால் பொருள் வரிசைகளின் எண்ணிக்கையே வரும். தனித்தனி பில்களை எண்ண ‘என்யுனிக்’ வேண்டும்.

பில் நிலை அட்டவணை தயாரானதும் அடிப்படையான மூன்று மாறிகள் எளிதில் வந்துவிடும். கணக்கு நாளுக்கும் கடைசியாக வாங்கிய நாளுக்கும் இடையே உள்ள நாட்கள் ஒன்று. வாங்கிய தடவை மற்றொன்று. செலவிட்ட தொகை மூன்றாவது. அஞ்சல் வழி விற்பனைக் காலத்திலிருந்தே வாடிக்கையாளரை மதிப்பிடும் இந்த மூன்றையும் ரீசென்சி, ஃப்ரீக்வென்சி, மானிட்டரி என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆர்எஃப்எம் என்பர். முதல் மாறியைக் கணக்கிடும் முன் பில் நேரத்திலிருந்து மணி, நிமிடத்தை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் காலையில் வாங்கியவருக்கும் மாலையில் வாங்கியவருக்கும் ஒரு நாள் வேறுபாடு தோன்றும். பாண்டாஸில் ‘நார்மலைஸ்’ அதைச் செய்யும். கணினியின் இன்றைய தேதியைக் கணக்கு நாளாக வைப்பது கூடவே கூடாது. அப்படி வைத்தால், 2011-இன் தரவில் எல்லா வாடிக்கையாளரும் பல்லாயிரம் நாட்களுக்கு முன் வந்தவர்களாகிவிடுவர். அடுத்த நாள் அதே நிரலை இயக்கினால் எல்லா எண்ணும் மாறியும் இருக்கும்.

‘முதன்முதலாக வாங்கிய நாள்’ என்ற மாறிக்கு இந்தத் தரவில் ஓர் எல்லை உண்டு. பதிவு 2010 டிசம்பர் 1-இல் தொடங்குகிறது என்பதால், அந்த மாதத்தில் முதலில் தென்படும் ஒருவர் புதியவரா, பத்தாண்டு பழக்கமுள்ளவரா என்று சொல்ல வழியில்லை. ‘தரவில் முதலில் தென்பட்ட நாள்’ என்ற பெயரே அதற்கு நேர்மையானது.

வாங்கும் இடைவெளி

என் கருத்தில், பரிவர்த்தனைத் தரவிலிருந்து பெறக்கூடிய மாறிகளில் மிகுந்த பயன் தருபவை இடைவெளி மாறிகளே. ஒருவர் கடைசியாக வாங்கி 83 நாட்கள் ஆகின்றன என்று மட்டும் தெரிந்தால் அவர் நம்மை விட்டுப் போய்விட்டாரா என்று சொல்ல முடியாது. அவருடைய வழக்கம் என்ன என்று தெரிந்தால்தான் அந்த 83-க்குப் பொருள் உண்டு.

ஒரு கற்பனை வாடிக்கையாளர் 2011 மார்ச் 3, மார்ச் 17, ஏப்ரல் 14, ஜூன் 9 ஆகிய நாட்களில் வாங்கியதாகக் கொள்வோம். இடைவெளிகள் 14, 28, 56 நாட்கள். சராசரி 32.7 நாள், இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 28 நாள். கணக்கு நாள் ஆகஸ்ட் 31 என்றால், அவர் வாங்கி 83 நாட்கள் ஆகியிருக்கும். 83-ஐ 28-ஆல் வகுத்தால் 2.96, தம் வழக்கத்தைப் போல மும்மடங்கு நாள் அவர் வராமல் இருக்கிறார். 90 நாளுக்கு ஒருமுறை வாங்கும் மற்றொருவருக்கு அதே 83 நாள் இயல்பானது. அவருடைய விகிதம் ஒன்றுக்கும் குறைவு. இந்தத் தாமத விகிதத்தோடு, கடைசி இடைவெளியைச் சராசரி இடைவெளியால் வகுத்த இன்னொரு மாறியையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் வாடிக்கையாளருக்கு அது 56-ஐ 32.7-ஆல் வகுத்த 1.71. அவர் வரவு விலகிக்கொண்டே போனதை அது காட்டுகிறது.

பாண்டாஸில் இதைச் செய்யும் வழி இது. பில் நிலை அட்டவணையிலிருந்து ரத்து பில்களை இந்தக் கணக்குக்கு மட்டும் ஒதுக்கி, வாடிக்கையாளர் எண், தேதி ஆகிய இரண்டை மட்டும் வைத்து, ஒரே நாளில் உள்ள பல பில்களை ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் பூஜ்ய இடைவெளிகள் நுழைந்து சராசரியைக் குறைத்துவிடும். பிறகு வாடிக்கையாளர் வாரியாகவும் தேதி வாரியாகவும் வரிசைப்படுத்தி, வாடிக்கையாளர் வாரியாகக் குழுவாக்கித் தேதியின் மேல் ‘டிஃப்’ கட்டளையை இயக்கினால் ஒவ்வொரு வரவுக்கும் முந்தைய வரவிலிருந்து எத்தனை நாள் என்பது கிடைக்கும். வரிசைப்படுத்தாமல் இயக்கினாலும் பாண்டாஸ் பிழை காட்டாது, தவறான எண்களைத் தரும். குழுவாக்காமல் இயக்கினால் ஒருவரின் முதல் வரவிலிருந்து அவருக்கு முன்னிருந்தவரின் கடைசி வரவு கழிக்கப்படும். சரியாகச் செய்ததற்கு அடையாளம், ஒவ்வொரு வாடிக்கையாளரின் முதல் வரிசையும் வெற்றாக இருப்பதும், எதிர்க்குறி இடைவெளி ஒன்றுகூட இல்லாதிருப்பதும்.

ஒரே ஒருமுறை வாங்கியவர்களுக்கு இடைவெளி என்பதே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பினால், தினந்தோறும் வாங்குபவரைவிட விரைவாக வாங்குபவராக அவர் மாறிவிடுவார். வெற்றாகவே விட்டு, ‘ஒருமுறை மட்டும் வாங்கியவர்’ என்ற தனி மாறியைப் பக்கத்தில் வையுங்கள்.

காலச் சாளரங்களும் விகிதங்களும்

கணக்கு நாளுக்கு முந்தைய 90 நாட்களின் செலவையும் அதற்கும் முந்தைய 90 நாட்களின் செலவையும் தனித்தனியே கூட்டி ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் போக்கு தெரியும். ஆகஸ்ட் 31-க்கு அவை ஜூன் 3 முதல் ஆகஸ்ட் 31 வரையும், மார்ச் 5 முதல் ஜூன் 2 வரையும் அமையும். வகுக்கும் எண் பூஜ்யமாக உள்ளவர்களுக்கு பாண்டாஸ் முடிவிலியைத் தரும். மிகச் சிறியதாக உள்ளவர்களுக்கு நம்ப முடியாத பெரிய விகிதம் வரும். ஆகவே பின்பாதியை இரு பாதிகளின் கூட்டுத்தொகையால் வகுக்கும் பங்கு வடிவத்தை நான் விரும்புகிறேன். அது பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே நிற்கும். இரு காலத்திலும் வாங்காதவருக்கு மட்டுமே வெற்றாகும். ரத்துகள் எதிர்க்குறியோடு நுழையாதிருக்க, இதற்கு நிகரத் தொகைக்குப் பதிலாக வாங்கிய தொகையைப் பயன்படுத்த வேண்டும்.

பரிசுப் பொருள் விற்பனை கிறிஸ்துமஸை ஒட்டிப் பெருகும் இயல்புடையது. இந்தத் தரவிலும் செப்டம்பரிலிருந்து ஏறி நவம்பரில் உச்சம் தொடுகிறது. நவம்பர் இறுதியைக் கணக்கு நாளாக வைத்தால் பெரும்பாலோரின் பங்கு உயர்ந்தே தெரியும். எல்லா வாடிக்கையாளரையும் சேர்த்த அதே பங்கைக் கணக்கிட்டுத் தனிநபரின் பங்கிலிருந்து கழித்தால் பருவத்தின் தாக்கம் பெருமளவு நீங்கும். தரவு 2011 டிசம்பர் 9-ஆம் நாளோடு முடிந்துவிடுவதால், மாதவாரியாகக் கூட்டும்போது அந்த மாதத்தைச் சேர்க்கக் கூடாது. கிழமையை வைத்து மாறி செய்ய நினைப்பவர்கள் இந்தத் தொகுப்பில் சனிக்கிழமைப் பரிவர்த்தனை ஒன்றுகூட இல்லை என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பெண்ணாக மாற்றுவது

ஆர்எஃப்எம் மாறிகளை ஒன்று முதல் ஐந்து வரையிலான மதிப்பெண்ணாக மாற்ற, வாடிக்கையாளர்களை ஏறத்தாழ சம எண்ணிக்கையுள்ள பிரிவுகளாகப் பிரிக்கும் ‘கியூகட்’ கட்டளையைப் பலர் பயன்படுத்துகின்றனர். தொகைக்கு அது பொருந்தும். தடவைக்கு இயக்கினால், ஒருமுறை வாங்கியவர்களே மிகுதி என்பதால் பிரிவு எல்லைகள் ஒன்றோடொன்று மோதிப் பிழைச்செய்தி வரும். தர வரிசை கொடுத்துவிட்டுப் பிரிப்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு. அதனால் ஒரே எண்ணிக்கையில் வாங்கிய இருவருள் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு இரண்டும் கிடைக்கும். தரவில் யார் முன்னால் இருந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்காது. ‘கட்’ கட்டளையில் 1, 2, 3–4, 5–9, 10-உம் அதற்கு மேலும் என எல்லைகளை நாமே கொடுப்பது எவ்வளவோ மேல். வாடிக்கையாளரின் போக்கைக் கணிக்கும் மாதிரி (மாடல்) அமைப்பதே நோக்கம் என்றால் மதிப்பெண்ணே தேவையில்லை. சில மொத்த வியாபாரிகளின் தொகை மற்றவர்களை அமுக்கிவிடாதிருக்க, வாங்கிய தொகையின் மடக்கையை (லாக்) எடுத்தால் போதும்.

வருங்காலம் கசியாமல் காப்பது

அடுத்த மூன்று மாதங்களில் யார் வாங்குவார் என்று கணிப்பது நோக்கமானால், ஆகஸ்ட் 31 வரையிலான வரிசைகளை மட்டும் கொண்டு மாறிகளை உருவாக்கி, செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை வாங்கினாரா என்பதை இலக்காக வைக்க வேண்டும். மாறிகளைக் கணக்கிடும் முன்பே தரவைத் தேதியால் பிரித்துவிடுவதே பாதுகாப்பு. முழுத் தரவிலும் கணக்கிட்டுவிட்டுப் பிறகு பிரித்தால் ஏதேனும் ஒரு சராசரி வழியாகவோ பிரிவு எல்லை வழியாகவோ பிற்காலச் செய்தி உள்ளே வந்துவிடும்.

கவனத்துக்கு எளிதில் தப்புவது ரத்து. ஆகஸ்ட் 25 அன்று வாங்கியதைச் செப்டம்பர் 5 அன்று ஒருவர் ரத்து செய்தால், ஆகஸ்ட் 31 அட்டவணையில் அது நடந்த விற்பனையாகவே இருக்க வேண்டும். அன்றைய நிலையில் நிறுவனத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தரவைச் சுத்தம் செய்யும் கட்டத்திலேயே வாங்கியதையும் ரத்தையும் ஜோடி சேர்த்து நீக்கிவிடுவோர் இந்தக் கசிவைத் தம்மை அறியாமலேயே உண்டாக்குகின்றனர்.

இணைத்தலும் சரிபார்த்தலும்

தனித்தனியே கணக்கிட்ட மாறிகளை, கணக்கு நாள் வரை தரவில் உள்ள எல்லா வாடிக்கையாளர் எண்களையும் கொண்ட பட்டியலோடு அந்தப் பட்டியலின் எண் எதுவும் விடுபடாத இடப்பக்க இணைப்பாக ‘மெர்ஜ்’ செய்யுங்கள். அந்தக் கட்டளையின் ‘வேலிடேட்’ அமைப்பில் ஒன்றுக்கு ஒன்று எனக் குறிப்பிட்டால், ஒரே எண் இருமுறை வரும்போது அது நின்றுவிடும். நாட்டின் பெயரைச் சேர்க்கும்போது இது கட்டாயம் தேவைப்படும். சில வாடிக்கையாளர்கள் இரண்டு நாடுகளின் பெயரில் பதிவாகியுள்ளனர். இணைத்தபின் எண்ணிக்கை மாறிகளின் வெற்றிடத்தைப் பூஜ்யமாக்கலாம், இடைவெளி, விகித மாறிகளில் ஆக்கக் கூடாது. ஒருமுறை வாங்கியவர், அடிக்கடி வாங்குபவர், ரத்து செய்தவர் என மூன்று பேரைத் தேர்ந்து, அவர்களுடைய மூல வரிசைகளை எடுத்துக் கையால் கணக்கிட்டு அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

கணக்கு நாளை நிரலின் பல இடங்களில் எழுதாமல், அதை உள்ளீடாகப் பெறும் ஒரே செயற்கூறாக முழு வேலையையும் அமைத்துவிட்டால், வேறு நாட்களுக்கும் அதே அட்டவணையைப் பெறலாம். 180 நாள் காலம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால், மாத இறுதிகளில் 2011 மே 31-தான் இந்தத் தரவில் மிக முந்தைய கணக்கு நாள். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மாத இறுதிகளின் அட்டவணைகளை, ஒவ்வொன்றிலும் கணக்கு நாளை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் மாதிரிக்குக் கூடுதல் வரிசைகள் கிடைக்கும். ஒரே வாடிக்கையாளர் அதில் நான்கு முறை வரை வருவார் என்பதால், பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது அவருடைய வரிசைகள் அனைத்தும் ஒரே பக்கத்தில் விழும்படி வாடிக்கையாளர் எண்ணைக் கொண்டே பிரிக்க வேண்டும். பைத்தானின் இயந்திரக் கற்றல் நூலகமான சைக்கிட் லேர்னின் ‘குரூப் கே ஃபோல்டு’ அதற்கென்றே உள்ளது.